குதிரைக் குட்டியின் கோணற்காலும் அதனைச் சீர்செய்யும் காலமும்

டில்லியில் குதிரை முற்றிலும் மறைந்துவிடவில்லை. நம் ஊர் ஜட்காவுக்கு உறவான டாங்கா வண்டிகள் 2010ஆம் ஆண்டை ஒட்டி நகர வீதிகளினின்றும் விலக்கப்பட்டன. எனினும், கல்யாண ஊர்வலத்தில் மணமகனைச் சுமக்கும் பெட்டைக் குதிரைகளையும், சுற்றுப்புறத்துச் செங்கற்சூளைகளில் பாரம் இழுக்கும் குதிரைகளையும் இன்றும் காணலாம். இவை ஈனும் குட்டி கோணிய காலுடன் பிறந்தால், பயனற்றதெனத் தெருவில் விடப்படுவதும் உண்டு. அத்தகைய குட்டிகளில் பல தேறக்கூடியவையே. ஆனால் அதற்குரிய அவகாசம் மிகச் சிறிது.

சில குட்டிகளுக்குக் காலின் பின்புறத்துத் தசைநாண்கள் எலும்பின் நீளத்துக்குப் போதாமற் குறுகியிருக்கும். கணுக்கால் நிமிராது, குட்டி குளம்பின் நுனியில் நிற்கும். வேறு சிலவற்றில் நாண் தளர்ந்து, கணுக்கால் தரையை நோக்கித் தாழ்ந்து, குளம்பின் நுனி மேலெழும்பும். இரண்டுக்கும் ஒரே கட்டு என்று எண்ணிவிடலாகாது. குறுகிய நாணுக்குச் சிம்பு வைத்துக் கட்டுதல் நன்மை செய்யும். தளர்ந்த நாணுக்கோ அது தளர்ச்சியை மிகுவிக்கும். பின்னதற்கு வேண்டுவது அளவான நடையே. குறுகிய நாணுக்குப் பிறந்த சில நாட்களுக்குள் ஆக்சிடெட்ராசைக்ளின் மருந்தை ஊசி மூலம் செலுத்துவதும் வழக்கம். அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடுமாதலால் கால்நடை மருத்துவர் கையாலன்றிச் செலுத்தலாகாது.

பக்கவாட்டுக் கோணல் வேறு வகை. காலை இரு கைகளாலும் மெல்ல நேராக்கிப் பார்க்கவேண்டும். நேரானால், மூட்டின் பந்தகங்கள் தளர்ந்திருக்கலாம். அல்லது குறைமாதத்தில் பிறந்த குட்டியின் முழங்காற் சிற்றெலும்புகள் இன்னும் குருத்தாகவே இருக்கலாம். அத்தகைய குட்டியை ஓடவிட்டால் அவ்வெலும்புகள் நசுங்கி, மூட்டு வாழ்நாள் முழுதும் கெடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை சிறு கொட்டிலில் அடைத்துவைத்தலே தகும்.

கை வைத்தும் நேராகாவிடில், குறை பெரும்பாலும் எலும்பு முனையருகிலுள்ள வளர்ச்சித் தட்டில் இருக்கும். இத்தட்டின் ஒரு பக்கம் மற்றதைவிட விரைந்து வளர்வதால் கால் சாய்கிறது. வியப்புக்குரிய செய்தி யாதெனில், அளவான பாரம் அழுந்திய பக்கத்தின் வளர்ச்சியைத் தூண்டும். ஆகவே சிறு கோணல்கள் தாமே நிமிர்கின்றன. பாரம் வரம்பு மீறினால் வளர்ச்சி தடைப்பட்டுக் கோணல் பெருகும். ஒரு கால் நொண்டும் குட்டியின் மறு கால் நாளடைவில் வளைவதன் காரணமும் இதுவே. கணுக்காலுக்கு மேலுள்ள தட்டின் வளர்ச்சி சுமார் மூன்று மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்; முன்னங்காலின் முழங்காலுக்கு மேலுள்ளதோ இன்னும் பல மாதங்கள் வளரும். இக்காலத்துக்குள் குளம்பைச் சீவிச் சமன்செய்தல் வேண்டும். கடுங்கோணலாயின், மிகையாக வளரும் பக்கத்தில் தட்டின் குறுக்கே திருகாணி பொருத்தி அப்பக்கத்தை நிறுத்திவைப்பர். கால் நேரானதும் திருகாணியைக் கழற்ற மறந்தால், அது எதிர்ப்புறம் கோணிவிடும்!

தெருவில் கண்டெடுத்த குட்டிக்குக் காலைவிடப் பால் முந்தியது. பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைக்கவேண்டும். ஒரு நாள் கடந்தால் அதன் நோயெதிர்ப்புப் பொருளைக் குடல் ஏற்காது. தாய் இருப்பின் பிரிக்கலாகாது. இல்லையெனில், சீம்பால் கொடுத்தபின் ஆட்டுப்பால் உதவும். சிம்புக் கட்டினுள் பஞ்சு தடிப்பாக இருத்தல் அவசியம். குட்டியின் தோல் மெல்லியதாதலால், நாள்தோறும் அவிழ்த்துப் புண் உண்டாவெனப் பார்த்தே மறுபடி கட்டவேண்டும்.

பட்டினி கிடந்து துன்புறும் நிலையில் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். மீளாத் துன்பத்திலுள்ள பிராணியைக் கருணையோடு மாய்க்கவும் அச்சட்டம் இடந்தருகிறது. ஆனால் மூட்டைச் சோதியாமல் அம்முடிவுக்கு விரைவதை ஏற்பதற்கில்லை. கொட்டிலுக்கு வந்த முதல் நாளே குட்டியை நேர்முன்னாக நிறுத்திப் புகைப்படம் எடுத்து, வாரந்தோறும் அதே இடத்தில் அவ்வாறே எடுத்துவந்தால், கோணல் குறைகிறதா கூடுகிறதா என்பதை மருத்துவர் ஒரு நோக்கில் அறிவார்.