பேய் வேட்டையும் நமது பிள்ளைகளின் பயமும்

யூடியூபில் பேய் வேட்டை பார்த்த மகன், சுபஹுக்கு வுழூச் செய்யவும் தனியே போகப் பயப்படுகிறான் என்று ஓர் உம்மா என்னிடம் முறையிட்டார். அவன் பார்த்தது இங்கிலாந்தின் டிரேக்லோ சுரங்கம்.

இரண்டாம் உலகப் போரில், குண்டுவீச்சுக்குத் தப்பி விமான இயந்திரப் பாகங்கள் செய்ய 1941இல் குன்றைக் குடையத் தொடங்கினார்கள். தோண்டும்போது தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். கைவிடப்பட்ட பின் அங்கே கட்டணம் வாங்கி இரவிரவாகப் பேய் தேட விட்டார்கள்.

அங்கே உடம்பு சில்லிடுவது பொய்யல்ல, காரணம்தான் வேறு. இருட்டில் கண்ணுக்கு வேலையில்லாதபோது, நீர் சொட்டும் சத்தத்தையும் மூளை காலடியாக்கிவிடும். ஆய்வுகூடமொன்றில் சாம்பல்நிற உருவம் கண்ட பொறியியலாளர் விக் டாண்டி, 1998இல் வெளியிட்ட கட்டுரையில் மின்விசிறியின் சுமார் 19 ஹேர்ட்ஸ் அதிர்வையே காரணமாகக் காட்டினார். அது காதுக்குக் கேட்காத அதிர்வு.

ஜின்களை நம்புவது நமது ஈமான். ஆனால் மரணித்தவர்கள் பர்ஸஹில் இருக்கிறார்கள். டோர்ச் அடித்துக் கூப்பிட்டால் வருபவர்கள் அல்லர். உழைத்து மாண்டவர்களை வேடிக்கைப் பொருளாக்குவதும் அழகல்ல.

பிள்ளையை ஏசாதீர்கள். ஆயத்துல் குர்ஸியோடு இந்த விஞ்ஞானத்தையும் சொல்லிக் கொடுங்கள்.