வீடு புதிதாகும்போது: நகரப் புதுப்பித்தலில் குடியிருப்பாளரின் பாதுகாப்புகள்

லா கூர்னெவ் நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் 'கத்ர் மில்' என்ற பெயர் பழக்கமானது. 'நான்காயிரம்' என்பது அதன் பொருள். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பாரிஸ் நகரின் சமூக வீட்டு அலுவலகம் இங்கு ஏறத்தாழ நான்காயிரம் வீடுகளைத் தொடர்மாடிகளாகக் கட்டியமையால் அப்பெயர் நிலைத்தது. அக்காலத்தில் பாரிஸ் பெருநகரப் பகுதியில் வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. லா கூர்னெவிலேயே 'லா கம்பா' எனப்பட்ட பெரிய குடிசைப் பகுதி ஒன்று இருந்தது. குழாய் நீரும் வெந்நீர் வெப்பமூட்டலும் உள்ள வீடு கிடைப்பதே அன்று பெரும்பேறாகக் கருதப்பட்டது.

இருபது ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. கட்டடங்கள் பராமரிப்பின்றிப் பழுதடைந்தன, வேலையின்மை பெருகியது. 1983 யூலை 26ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிரான்சுவா மித்தேரான் இங்கு நேரில் வந்து பார்வையிட்டார். அதே யூலையில் இலங்கையில் நிகழ்ந்த வன்செயல்களில் வீடிழந்த பலர், பின்னர் இந்நகரிலும் இதன் அயலிலும் குடியேறினர். வீட்டை விட்டு ஒரு முறை வெளியேறியவர்களுக்கு, 'உங்கள் கட்டடம் இடிக்கப்படும்' என்று வரும் கடிதம் வெறும் அலுவலகச் செய்தி அன்று. ஆகவே, அக்கடிதம் வரும்போது எவ்வுரிமைகள் தமக்கு உள்ளன என்பதைக் குடியிருப்பாளர் முன்கூட்டியே அறிந்திருப்பது நலம்.

இடிப்பும் அதன் படிப்பினையும்

1984இல் நான்காயிரத்தின் உரிமை பாரிசிடமிருந்து லா கூர்னெவுக்குக் கைமாறியது. அதன் பின் நெடிய கட்டடங்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. 1986 பெப்ரவரி 18ஆம் நாள் தெபுஸி, 2000 யூன் 8ஆம் நாள் ரெனுவார், 2004 யூன் 23ஆம் நாள் ரவெல், பிரெஸொவ் ஆகியவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பல்ஸாக் கட்டடம் 2011இல் இயந்திரங்களால் சிறிது சிறிதாகக் கொத்தி அகற்றப்பட்டது. அவ்விடங்களில் பின்னர் உயரம் குறைந்த கட்டடங்களும் புதிய தெருக்களும் அமைந்தன.

தகர்ப்பு சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னர் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வேறு வீடு தேடவேண்டும். பிள்ளைகளின் பள்ளி, முதியோரின் மருத்துவர், ஒரே மாடியில் பல்லாண்டு பழகிய அயலவர் ஆகிய யாவும் கணக்கில் எடுக்கப்படவேண்டும். கட்டடம் நன்றாக எழுந்த பின்னரும் அங்கு வாழ்ந்தவர்கள் நலமாக இல்லையெனில், அது அவர்களுக்கான மேம்பாடு ஆகாது. இந்த உண்மையிலிருந்தே 'சமூக, சூழற் பாதுகாப்புகள்' என்னும் கருத்து பிறந்தது. ஒரு திட்டத்தால் மக்களுக்கும் அவர்களது சூழலுக்கும் நேரக்கூடிய தீங்கை வேலை தொடங்குமுன் கண்டறிதல், இயன்றவரை தவிர்த்தல், தவிர்க்க முடியாததை ஈடுசெய்தல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும்.

பிற நகரங்களின் பட்டறிவு

இக்கருத்தை உலகளவில் விதியாக்கியவற்றுள் உலக வங்கி முதன்மையானது. விருப்பமின்றி இடம்பெயர்க்கப்படுவோர் தொடர்பான அதன் முதற் கொள்கை 1980இல் வெளிவந்தது. 2018 முதல் நடைமுறையிலுள்ள அதன் புதிய விதிக்கோவை, காணி உரிமைப் பத்திரம் இல்லாதவர்களுக்கும் மீள்குடியமர்வு உதவி வழங்கவேண்டும் என்கிறது.

சென்னை நகரம் இரு வழிகளையும் கண்டது. 1977இல் உலக வங்கியின் கடனுதவியோடு அங்கு தொடங்கிய நகர மேம்பாட்டுத் திட்டத்தில், பல குடிசைப் பகுதிகளுக்கு இருந்த இடத்திலேயே தெரு, குடிநீர், கழிப்பிடம், மனையுரிமை என்பன வழங்கப்பட்டன. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரோ, பல்லாயிரம் குடும்பங்கள் நகரின் தென்புறமுள்ள கண்ணகி நகர், பெரும்பாக்கம் ஆகிய இடங்களின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. அங்கு கூரை உறுதியாக இருந்தது. ஆனால் வீட்டுவேலைக்கும் மீன் விற்பனைக்கும் நாட்கூலிக்கும் சென்றவர்களுக்கு வேலையிடம் தொலைவாயிற்று. இலங்கையில் 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டம், சிறு கடன் கொடுத்து, வீட்டைத் திருத்தும் முடிவைக் குடும்பங்களிடமே பெரிதும் விட்டது. இடம்பெயர்வு குறைவாகவும் மக்களின் பங்கு மிகுதியாகவும் இருக்கும்போதே மேம்பாட்டின் பயன் உரியவர்களைச் சென்றடைகிறது என்பதை இவை காட்டுகின்றன.

பிரான்சில் இப்பாதுகாப்புகள் வீடமைப்புச் சட்டங்களாக உள்ளன. 2003 ஓகஸ்ட் 1ஆம் நாளின் சட்டம் நகரப் புதுப்பித்தலுக்கான தேசிய முகவரகத்தை ('அன்ரு') உருவாக்கியது. 2014 பெப்ரவரி 21ஆம் நாளின் சட்டம் இரண்டாம் தேசியத் திட்டத்தைத் தொடக்கி, முன்னுரிமைப் பகுதிகளில் குடிமக்கள் சபைகளையும், திட்டத்தைப் பற்றி மக்கள் அறிந்துகொள்வதற்கான 'திட்ட இல்லங்களையும்' அமைக்கப் பணித்தது.

கலந்தாலோசனை

சமூக வீட்டு நிறுவனம் (அஷ்-எல்-எம்) ஒரு கட்டடத்தைத் திருத்தவோ இடிக்கவோ முனையும்போது, வாடகைக்காரரின் பிரதிநிதிகளோடு கலந்தாலோசிப்பது அதன் கடமை. வாடகை, பொதுச் செலவு, வாழ்நிலை ஆகியவற்றில் ஏற்படும் மாற்றம் அங்கு விளக்கப்படவேண்டும். கூட்டங்கள் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியிலும் மாலை வேளையிலுமே நடைபெறுகின்றன. உணவகத்திலும் கடையிலும் இரவுவரை வேலை செய்வோர் அவற்றைத் தவறவிடுகின்றனர். அத்தகையோர், கட்டடத்தில் ஒருவரையேனும் பொறுப்பாக அனுப்பி, பேசப்பட்டதைக் கேட்டறிவது நன்று. கூட்டத்தில் எழாத குறை திட்ட வரைபடத்தில் இடம்பெறுவதில்லை.

மறுகுடியமர்வு: மூன்று முன்மொழிவுகள்

கட்டடம் இடிக்கப்படுமாயின், ஒப்பந்தமுள்ள வாடகைக்காரருக்கு வேறு வீடு வழங்கப்படவேண்டும். அவ்வீடு நல்ல நிலையில் இருக்கவேண்டும். குடும்பத்தின் தேவைக்கும் வருமானத்துக்கும் பொருந்தவேண்டும். சட்டம் வகுத்த நிலப்பரப்பு எல்லைக்குள் அமையவேண்டும். அன்ரு திட்டங்களில் வீடு மாறும் செலவை வீட்டு நிறுவனமே ஏற்கிறது.

இங்கு மிகுந்த கவனம் தேவை. மேற்கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்ட மூன்று முன்மொழிவுகளை வாடகைக்காரர் மறுத்தால், அவ்வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையை அவர் இழப்பார். மூன்றாவது முன்மொழிவு அறிவிக்கப்பட்டு ஆறு மாதங்கள் முடிந்த பின், வீட்டு நிறுவனம் அவரை வெளியேற்றும் நடவடிக்கையில் இறங்கலாம். கடிதத்துக்கு மறுமொழி அளிக்காமல் விடுவதும் பாதுகாப்பானதன்று. அதே வேளையில், நிபந்தனைகளுக்குப் பொருந்தாத முன்மொழிவை இம்மூன்றுள் ஒன்றாக எண்ண முடியாது. ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஈரறை வீடு, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மின்தூக்கி இல்லாத நான்காம் மாடி என்பன போன்றவற்றை மறுக்கும்போது, காரணத்தை எழுத்தில் குறிப்பிட்டுப் பதிவுத்தபாலில் அனுப்பவேண்டும். வாய்மொழி மறுப்பு பின்னர் சான்றாக நிற்காது.

இடிப்புக்கு முன் வீட்டு நிறுவனத்தின் பணியாளர் ஒவ்வொரு குடும்பத்தையும் சந்தித்து நிலவரம் கேட்பர். வயதான பெற்றோர், திருமணமாகித் தனி வீடு நாடும் மகன் அல்லது மகள், நாட்பட்ட நோய், பள்ளி, வேலை நேரம் ஆகிய அனைத்தையும் அச்சந்திப்பிலேயே தெரிவிக்கவேண்டும். பல வீடுகளில் பள்ளி செல்லும் பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக இருக்கிறது. பெற்றோரின் நோயையும் வாடகைக் கடனையும் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது முறையன்று. முக்கிய விடயங்களும் விடுபடும். பெரியவர் ஒருவரின் மொழி உதவியை முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளவேண்டும்.

ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதோர்

தமிழ்க் குடும்பங்களிடையே ஒருவரின் பெயரில் உள்ள வீட்டில் உறவினரோ ஊரவரோ தங்குவது வழக்கம். மறுகுடியமர்வு உரிமை ஒப்பந்தத்தைச் சார்ந்தது என்பதை இவர்கள் நினைவிற்கொள்ளவேண்டும். 2010 யூலையில், இடிப்புக்குக் காத்திருந்த பல்ஸாக் கட்டடத்தில் ஒப்பந்தமின்றித் தங்கியிருந்த குடும்பங்கள் காவற்றுறையினரால் வெளியேற்றப்பட்டன. அவர்களுள் கைக்குழந்தைகளுடன் வந்தோரும் இருந்தனர். வெளியே தங்கியவர்களும் அதே மாதத்தில் மீண்டும் அகற்றப்பட்டனர்.

ஆதலால், கணவன் மனைவி இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ளனவா என்பதை இப்போதே பார்க்கவேண்டும். உறவினர் வீட்டில் தங்குவோர் தமது பெயரில் சமூக வீட்டு விண்ணப்பத்தைத் தாமதமின்றிப் பதிந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். வதிவிட அனுமதியுடன் நெடுங்காலம் காத்திருப்போர், 2007 மார்ச் 5ஆம் நாளின் சட்டம் வழங்கும் வீட்டுரிமைக் கோரிக்கையையும் ('தலோ') பயன்படுத்தலாம்.

கல்நார், ஈயம், தூசி

சூழற் பாதுகாப்பு என்பது மரம் நடுதல் மட்டுமன்று; குடியிருப்பாளரின் நுரையீரலும் அதில் அடங்கும். கல்நார் (அஸ்பெஸ்ரோஸ்) பயன்பாடு பிரான்சில் 1997 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் அதற்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகளின் தரை ஓடுகளிலும் ஓட்டுப் பசையிலும் குழாய் உறைகளிலும் அது இருக்கக்கூடும். அசையாமல் இருக்கும்வரை அதனால் வரும் கேடு குறைவு. துளையிடும்போதும் சுரண்டும்போதும் நுண்ணிழைகள் காற்றில் கலந்து, பல பத்தாண்டுகளின் பின் புற்றுநோயாக வெளிப்படலாம். பழைய தரை ஓட்டைத் தாமே பெயர்த்துப் புது ஓடு பதிக்க முனைவோர், முதலில் வீட்டின் கல்நார் அறிக்கையைப் பார்க்கக் கேட்கவேண்டும். அதைக் காண்பது வாடகைக்காரரின் உரிமை.

இடிப்பின்போது இக்கவனம் மேலும் இன்றியமையாதது. இதே மாவட்டத்திலுள்ள ஓல்னே-சூ-புவா நகரில், 1938 முதல் கல்நார் அரைத்த ஆலை ஒன்று பள்ளிக்கு அருகிலேயே இயங்கியது. அயலவரும் நோயுற்றோரின் குடும்பத்தினரும் பல ஆண்டுகள் விடாது கோரியதன் பயனாக, அது காற்றுப் புகாத உறைக்குள் இடிக்கப்பட்டது. மக்கள் கேட்டமையால் கிடைத்த பாதுகாப்பு அது.

1949 சனவரி 1க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு இருக்கலாம். உதிர்ந்த பூச்சுத் தூளைச் சிறு குழந்தைகள் விழுங்கினால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அத்தகைய வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளர் ஈயச் சோதனை அறிக்கையை ஒப்பந்தத்துடன் இணைக்கவேண்டும்.

வேலை நடைபெறும் காலம்

வீட்டினுள் திருத்தவேலை செய்ய வரும்போது, வேலையின் தன்மையையும் முறையையும் உரிமையாளர் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கவேண்டும். வாடகைக்காரரின் வெளிப்படையான சம்மதமின்றிச் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் வேலை செய்யக்கூடாது. வேலை 21 நாட்களுக்கு மேல் நீடித்தால், இழந்த இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப வாடகைக் குறைப்புக் கோரலாம். எனினும் தாமாகவே வாடகையை நிறுத்துவது ஆபத்தானது. அது வெளியேற்ற வழக்குக்குக் காரணமாகிவிடும்.

தனியார் கட்டடங்களில் நிலைமை சற்று வேறுபடும். வீடு உடல்நலத்துக்கு ஒவ்வாதது என்று அதிகாரபூர்வ ஆணை பிறந்தால், அறிவித்தல் அனுப்பப்பட்ட அல்லது ஒட்டப்பட்ட மாதத்துக்கு அடுத்த மாதத்தின் முதல் நாளிலிருந்து வாடகை செலுத்தவேண்டியதில்லை. குடியிருக்கத் தடை விதிக்கப்பட்டால், வேறிடம் வழங்கும் பொறுப்பு உரிமையாளருடையது. இங்கு துணை வாடகைக்காரரும் நல்லெண்ணத்தோடு குடியிருப்பவரும்கூடச் சட்டத்தின் பாதுகாப்பில் அடங்குவர். ஒழுகும் கூரையையும் பூஞ்சை படர்ந்த சுவரையும் வெட்கத்தாலோ அச்சத்தாலோ மறைத்து வாழவேண்டிய தேவை இல்லை. நகரசபையின் சுகாதாரப் பிரிவுக்கு எழுத்தில் முறையிடலாம்.

கைவசம் வைத்திருக்கவேண்டியவை

வாடகை ஒப்பந்தம், வாடகைப் பற்றுச்சீட்டுகள், வரி அறிவித்தல், வதிவிட அனுமதி, குடும்பப் பதிவு ஆகியவற்றின் படிகளை ஒரே கோப்பில் வைத்திருத்தல் நன்று. வீட்டு நிறுவனத்திலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் அதன் உறையுடன் பாதுகாக்கவேண்டும். திகதியே பல வேளைகளில் வழக்கைத் தீர்மானிக்கிறது. பதிவுத்தபாலை வாங்காமல் விட்டால் காலக்கெடு நின்றுவிடாது. விளங்காத கடிதத்தில் கையொப்பம் இடலாகாது.

மாவட்ட வீட்டுத் தகவல் நிலையமான 'அடில்' சட்ட ஆலோசனையை இலவசமாக வழங்குகிறது. வாடகைக்காரர் சங்கங்களும், நகரசபையின் வீடமைப்புப் பிரிவும், சமூகப் பணியாளரும் உதவுவர். வெளியேற்ற அறிவித்தல் வந்த பின் ஓடுவதைவிட, முதற் கடிதம் வந்த கிழமையிலேயே இவர்களை நாடுவது மேலானது. சட்டம் தரும் பாதுகாப்பு தானாக வீட்டுக் கதவைத் தட்டி வருவதில்லை. உரிய நாளில், உரிய தாளுடன் கேட்பவருக்கே அது கைகூடும்.