எண்ணெய் கொட்டியவர் எவர்? வாளி எடுத்தவர் எவர்?

ஓசூரிலே கடல் இல்லை. கிருஷ்ணகிரியிலும் இல்லை. மலை உண்டு, மாந்தோப்பு உண்டு, ஆலை உண்டு, ஆலைச் சங்கு உண்டு. அலை மட்டும் இல்லை. எண்ணூர்க் கடலிலே எண்ணெய் கொட்டிய கதையை இந்த எல்லைப்புறத்துத் தோழர்களுக்கு எழுத வந்தால், "கடலிலே கொட்டினால் கடற்கரையான் பாடு. ஷிப்டுக்கு நேரமாகிறது, நமக்கென்ன?" என்று தேநீர்க் கடையிலே ஒரு தோழர் கேட்கக்கூடும். கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் நாமும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

2017ஆம் ஆண்டு ஜனவரி 28. இன்னும் விடியவில்லை. எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. உள்ளே வந்த கப்பலின் பெயர் 'டான் காஞ்சிபுரம்'. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போன கப்பலின் பெயர் 'பி.டபிள்யூ. மேப்பிள்'. காஞ்சிபுரம் என்றால் நமக்குப் பட்டு நினைவுக்கு வரும். அன்று கரையேறியதோ பட்டல்ல, கருங்குழம்பு!

துறைமுகத்தார் முதலில் என்ன சொன்னார்கள்? கசிவு இல்லை, கடலுக்குக் கேடு இல்லை என்றார்கள். அறிக்கை அப்படிச் சொல்லிற்று. அலை வேறு சொல்லிற்று. எர்ணாவூர் பாரதியார் நகர்ப் பாறைகளிலே தார் பூசியதுபோல் எண்ணெய் ஒட்டிக்கொண்டது. ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன் வாங்க ஆளில்லை. பிறகுதான் 'கொஞ்சம்' கசிந்திருக்கலாம் என்றார்கள். கொஞ்சம்! அள்ள அள்ள, கசடு நூறு டன்னையும் தாண்டிற்று.

எப்படி அள்ளினார்கள்? அதைத்தான் தோழர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டும். உறிஞ்சும் வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். குழம்பு தடித்துப்போய், மண்ணோடு கலந்து கிடந்தது. வண்டிகளின் குழாய் திணறிற்று. எனவே, வாளி! ஆம், வீட்டுக் கிணற்றடியிலே கிடக்குமே, அதே வாளி. மீனவர், மாணவர், கடலோரக் காவல் படையினர், கூலிக்கு வந்தவர், கூலி கேளாமல் வந்தவர் என ஆயிரக்கணக்கானோர் பாறையிலே வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி எண்ணெயை ஏற்றினார்கள். அதே கடற்கரையின் வடக்கே, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, அடுத்த மாதம் 15ஆம் நாள் ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள் விண்ணுக்குப் பறந்தன. விண்ணிலே விந்தை, மண்ணிலே வாளி! விஞ்ஞானிகளை நாம் குறை கூறவில்லை, அவர்கள் கேட்ட கருவி அவர்களுக்குக் கிடைத்தது. எண்ணெய் ஏற்றி இறக்கி இலாபம் காணும் இடத்திலே, எண்ணெய் கொட்டினால் அள்ளும் கருவியை வாங்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? வாளி பிடிக்க நாம்தான் இருக்கிறோமே!

பாடம் கற்றார்களா என்று கேட்காதீர்கள். ஆறே ஆண்டுகள். 2023 டிசம்பர் தொடக்கம், மிக்ஜாம் புயல். சென்னை வெள்ளத்தில் மிதந்தது. அந்த வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெயும் புறப்பட்டது. பக்கிங்காம் கால்வாய் வழியே போய், கொசஸ்தலையாற்றிலே கலந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் வீடுகளுக்குள்ளே வெள்ளத்தோடு எண்ணெயும் நுழைந்தது. சுவரிலே கோடு, பாத்திரத்திலே பிசுக்கு, படகிலே கறை, வலையிலே பாழ். மறுபடியும் மீனவர்கள் இறங்கினார்கள். கழிமுகத்து நீரிலே நின்று, குவளையாலும் கையாலும் அள்ளிப் பீப்பாயில் ஊற்றினார்கள்.

எங்கள் குழாயிலே கசிவில்லை என்றது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். மாசு கட்டுப்பாட்டு வாரியமோ, ஆலை வளாகத்தில் மழைநீரை நிர்வகித்த முறையிலே குறை இருந்தது, அதனால்தான் எண்ணெய் வெளியேறிற்று என்றது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. புயலின் மீது பழி போடப் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. புயல் வந்தது உண்மை. மழை கொட்டியது உண்மை. ஆனால் புயல், எண்ணெயைச் சுமந்துகொண்டா வந்தது வங்கக் கடலிலிருந்து? மழைக்காலத்தில் மழை பெய்யும் என்பது மணலிக்குத் தெரியாத மர்மமா? அந்தக் கம்பெனி தனி முதலாளியின் சொத்தும் அல்ல, பொதுத்துறை நிறுவனம். முதலாளி என்றால் ஒரு சட்டம், சர்க்கார் கம்பெனி என்றால் ஒரு சலுகை என்று நாம் பேசத் தொடங்கினால், நம் வாயை நாமே கட்டிக்கொண்டவர்கள் ஆவோம்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. 787 படகுகளுக்குத் தலா 10,000. கூட்டினால் 8 கோடி 68 இலட்சம். கொடுத்தது சரியே, கொடுக்காமல் இருந்தால் நாமே கேட்டிருப்போம். தேநீர்க் கடைத் தோழரே, இங்கேதான் உம்முடைய கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்தக் கஜானாவை நிரப்பியவர் யார்? நீர் வாங்கும் சோப்பிலே வரி, சட்டையிலே வரி, வண்டிக்குப் போடும் பெட்ரோலிலே வரி. கொட்டியவனிடம் பின்னால் வசூலிப்பது வழக்கு, வாய்தா, வக்கீல் என்று நடக்கும். முன்னால் நீட்டிய கை உம்முடைய கை. ஓசூரிலே நின்றுகொண்டே எண்ணூரிலே வாளி பிடித்திருக்கிறீர், தெரியுமா உமக்கு?

சட்டம் இல்லையா? இருக்கிறது. அதுவும் நம் பக்கத்து ஆற்றங்கரையிலே பிறந்த சட்டம். பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் தொழிற்சாலைகள் மீது வேலூர்க் குடிமக்கள் சங்கம் தொடுத்த வழக்கிலே, 1996இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிற்று: மாசு செய்தவனே செலவைச் சுமக்க வேண்டும், இது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி. வாணியம்பாடியும் ஆம்பூரும் கிருஷ்ணகிரிக்கு எவ்வளவு தூரம்? பேருந்தில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும். அங்கே எழுதிய தீர்ப்பு எண்ணூருக்குப் போய்ச் சேர இத்தனை ஆண்டுகளா?

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். 2025 மே மாதம் 25ஆம் நாள் கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் மூழ்கிற்று. லைபீரியக் கொடி, நூற்றுக்கணக்கான கொள்கலன், வயிற்றிலே எரிஎண்ணெய். அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் நம் குமரிக் கரை வரை வந்து குவிந்தன. கேரள அரசு என்ன செய்தது? 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர்நீதிமன்றம் சென்றது. மூழ்கிய கப்பலைப் பிடிக்க முடியாது. அதே கம்பெனியைச் சேர்ந்த வேறொரு கப்பல் விழிஞ்ஞத்தில் நின்றது. அதைச் சிறைப்பிடிக்க நீதிமன்றம் ஜூலையில் ஆணையிட்டது. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. கப்பலைக் கட்டிப்போட்ட பிறகு பேசுவது வேறு, கப்பல் போன பிறகு கடிதம் எழுதுவது வேறு.

அமெரிக்காவிலும் பார்த்தோம். 1989இல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' கப்பல் எண்ணெயைக் கொட்டிற்று. ஜூரிகள் விதித்த தண்டத் தொகை 500 கோடி டாலர். கம்பெனி மேல்முறையீடு, அதற்கு மேல் முறையீடு என்று இழுத்து, 2008இல் உச்ச நீதிமன்றத்திலே அது 50 கோடியே 75 இலட்சமாகச் சுருங்கிற்று. பத்தொன்பது ஆண்டுகள்! அதற்குள் கண்மூடிய மீனவர்கள் எத்தனையோ பேர்.

2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடா, பி.பி. கம்பெனிக்காகக் கிணறு தோண்டிய 'டீப்வாட்டர் ஹொரைசன்' மேடை வெடித்தது. 87 நாட்கள் எண்ணெய் பீறிட்டது. மக்கள் கொதித்தெழுந்து, பி.பி. பெயர்ப்பலகை தொங்கிய பெட்ரோல் பங்குகளைப் புறக்கணித்தார்கள். ஆனால் அந்தப் பங்குகளில் பெரும்பாலானவை கம்பெனியுடையவை அல்ல, சிறு வியாபாரிகளுடையவை! அடி, கம்பெனியின் முதுகில் விழாமல் அடுத்த வீட்டான் முதுகில் விழுந்தது. கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்குமன்றத்தில் விடாமல் நின்றபோதுதான், 2016இல் 2,000 கோடி டாலருக்கு மேல் கொடுக்கும் ஒப்பந்தம் உறுதியாயிற்று.

அந்த மேடையிலே முதலில் செத்தது மீன் அல்ல, கடற்பறவை அல்ல. பதினொரு தொழிலாளிகள். கிணற்றின் அழுத்தச் சோதனை தப்பாகக் கணிக்கப்பட்டது, வேலை கால அட்டவணைக்குப் பின்தங்கியிருந்தது, நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்திய முடிவுகள் ஆபத்தை வளர்த்தன என்று அமெரிக்க விசாரணைக் குழுவே 2011இல் எழுதிற்று. எனவே, "கம்பெனியைக் கேட்டால் ஆலையை மூடுவான், நம் அடுப்பு அணையும்" என்று அஞ்சும் தோழருக்குச் சொல்கிறோம். அச்சம் பொய்யல்ல, குழந்தை குட்டியுள்ளவனுக்கு வரும் அச்சம்தான். ஆலையை மூடச் சொல்லவில்லை நாம். அடைப்பானைப் பழுதுபார்க்கச் சொல்கிறோம். எந்த வால்வு ஒழுகுகிறது, எந்தத் தொட்டி நிரம்பி வழிகிறது, எந்த வடிகால் இரவிலே மட்டும் திறக்கிறது என்பது மேலாளருக்கு முன்னால் தொழிலாளிக்குத் தெரியும். அதை அவன் எழுத்திலே கொடுக்கவும், கொடுத்ததற்காக வேலை போகாதிருக்கவும் கூலி ஒப்பந்தத்திலேயே ஒரு விதி வேண்டும். போனஸ் பேச உட்காரும்போது சங்கங்கள் இதையும் மேசை மீது வைக்கட்டும்.

கடல் இல்லாத ஓசூருக்கு ஓர் ஆறு இருக்கிறது. நந்தி மலையிலே பிறந்து, பெங்களூரின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு, எல்லை தாண்டி வருகிறாள் தென்பெண்ணை. அந்தக் கழிவு வரும் வழியிலுள்ள பெல்லந்தூர் ஏரி 2017இல் தீப்பற்றி எரிந்தது. ஏரி எரிந்த அதிசயத்தை உலகமே பார்த்தது! கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால், தண்ணீரோடு வெள்ளை நுரை மலைபோல் எழும். தரைப்பாலத்தின் மீதேறி வழி மறித்த நாட்களும் உண்டு. அந்த நீர்தான் கீழே உழவனின் வயலுக்கும் போகிறது. யார் செய்தது என்று கேட்டால், எல்லைக்கு அப்பால் கை காட்டுகிறார்கள் சிலர். அப்பால் போய்க் கேட்டால் நகரம் வளர்கிறது என்கிறார்கள். எண்ணூரிலே புயல் செய்த வேலையை இங்கே எல்லைக்கோடு செய்கிறது.

அடுத்த மழைக்கு மதகு திறப்பார்கள். அன்று இரவு ஷிப்டு முடிந்ததும், அந்தத் தேநீர்க் கடைத் தோழரையும் அழைத்துக்கொண்டு கெலவரப்பள்ளிக்குப் போவதாக இருக்கிறோம். அவர் கேட்ட கேள்வியை அங்கே, கரையிலே நின்று, இன்னொரு முறை கேட்கட்டும். வரும்போது ஆளுக்கொரு காலிப் புட்டி கொண்டுவாருங்கள். நாளும் நேரமும் எழுதி ஒட்டச் சீட்டும் பசையும் நாம் கொண்டுவருகிறோம்.