மைக்குக்கு இந்தப் பக்கம் – 7: டென்வரில் ஒரு திங்கட்கிழமை

ஜிம் ஹேகர்ட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். நியூயார்க் டைம்ஸ் நிருபர், பிறகு கவர்னர் டூயியின் ஆள், 1944, 1948 அதிபர் தேர்தல்களில் அவரோடு சேர்ந்து தோற்றவர், 1953 முதல் அதிபர் ஐசன்ஹோவரின் பத்திரிகைச் செயலாளர். அது போதும். இந்த வாரம் டோக்கியோ என்று சொல்லியிருந்தேன். போகிற வழியில் டென்வர் பிடித்துக்கொண்டது.

1955 செப்டம்பர். டென்வரில் மாமியார் வீட்டில் தங்கி விடுமுறையைக் கழிக்கிறார் ஐசன்ஹோவர். வெள்ளிக்கிழமை கோல்ஃப், மதியம் வெங்காயம் வைத்த ஹாம்பர்கர், நள்ளிரவு தாண்டி நெஞ்சுவலி. சனிக்கிழமை காலை நிருபர்களிடம் ஹேகர்ட்டியின் உதவியாளர் மர்ரே ஸ்னைடர் சொன்னது: அதிபருக்கு அஜீரணம். (அதிபரின் டாக்டரும் ஒரு ஸ்னைடர்தான், ஹோவர்ட் ஸ்னைடர். குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மாரடைப்பு என்பது பிற்பகலில்தான் வெளியே வந்தது. லீவு போட்டுவிட்டு வாஷிங்டனில் இருந்த ஹேகர்ட்டி அன்றிரவே டென்வருக்கு விமானம் ஏறினார். இனி ஜிம் பார்த்துக்கொள்ளட்டும் என்று படுக்கையிலிருந்தே அதிபர் சொல்லிவிட்டாராம்.

காலையில் அஜீரணம், மாலையில் மாரடைப்பு. அடுத்த அறிக்கையை எவன் நம்புவான்? அமெரிக்கர்களுக்குப் பழைய சூடும் உண்டு. 1919-ல் பக்கவாதத்தில் விழுந்த அதிபர் வில்சனின் நிலையை மனைவியும் டாக்டரும் மாதக்கணக்கில் மூடி மறைத்தார்கள். ஹேகர்ட்டி நேர் எதிராகப் போனார். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், தூங்கினாரா, என்ன சாப்பிட்டார், எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டினார்.

திங்கட்கிழமை, செப்டம்பர் 26. நியூயார்க் பங்குச் சந்தை அன்று ஒரே நாளில் சுமார் 1,400 கோடி டாலர் மதிப்பை இழந்தது. அதே நாளில்தான் பாஸ்டனின் புகழ்பெற்ற இதய நிபுணர் பால் டட்லி ஒயிட், டென்வரில் நிருபர்கள் முன் உட்கார்ந்து, அதிபருக்கு நன்றாக மலம் கழிந்தது என்று நாட்டுக்கு அறிவித்தார்! எனக்கு இந்த வாரம் முழுக்க இதே நினைப்புதான். அணுகுண்டு வைத்திருக்கும் வல்லரசு, கூடியிருக்கும் நிருபர் பட்டாளம், நடுவில் இந்தச் செய்தி. மாரடைப்பு கண்டவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்திவைத்த காலம் அது. டாக்டருக்கு அது நல்ல அறிகுறி, சொல்லிவிட்டார். விஷயம் பிறகு ஐசன்ஹோவர் காதுக்குப் போனபோது கூசிப்போனார். வெளிப்படைக்கும் ஓர் எல்லை இல்லையா என்பது அவர் கட்சி.

எனக்கென்னவோ ஹேகர்ட்டியின் அரசியல் மூளை வேலை செய்த இடம் இதுதான் என்று படுகிறது. குடலைப் பற்றியே உண்மையைச் சொல்பவர்கள் இதயத்தைப் பற்றியா பொய் சொல்லப் போகிறார்கள்? ஆட்சி யார் கையில் என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. அமைச்சர்கள் ஒவ்வொருவராக டென்வருக்குப் பறந்து வந்தார்கள், அதிபரைப் பார்த்தார்கள், வெளியே வந்து நிருபர்களிடம் பேசினார்கள். அக்டோபர் 25-ல் மருத்துவமனை மொட்டைமாடியில் சக்கர நாற்காலியில் அதிபரைப் படம் எடுக்க விட்டார்கள். சிவப்பு பைஜாமா, சட்டைப் பைக்கு மேலே தைத்த எழுத்தில் ‘ரொம்பத் தேவலை, நன்றி’. அதைப் பரிசளித்தவர்கள் நிருபர்கள். இதைவிட ஒரு பத்திரிகைச் செயலாளருக்கு என்ன வேண்டும்? 1956 பிப்ரவரி 29-ல் மீண்டும் போட்டி என்று ஐசன்ஹோவர் அறிவித்தார். நவம்பரில் ஜெயித்தும் விட்டார்.

இந்த வித்தை ஹேகர்ட்டியையே திருப்பி அடித்த கதையும் உண்டு. 1957 நவம்பரில் அதிபருக்கு லேசான பக்கவாதம். டிசம்பரில் பாரிசில் நேட்டோ மாநாடு. அதிபர் எப்போது எழுந்தார், என்ன குடித்தார் என்று தினமும் விவரம். ஹெரால்ட் ட்ரிப்யூனின் நகைச்சுவை எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் அதை அப்படியே கிண்டலடித்து ஒரு பேட்டியைக் கற்பனையாக எழுதினார். அவ்வளவு சாமர்த்தியசாலி ஹேகர்ட்டி கொதித்துப்போய், அதைக் கண்டிப்பதற்கென்றே நிருபர்களைக் கூட்டினார். கிண்டலைப் படிக்காதவர்களும் அதற்குப் பிறகு தேடிப் படித்திருப்பார்கள்.

டோக்கியோவுக்கு இடம் தீர்ந்துவிட்டது. 1960 ஜூன் 10, ஹனேடா விமான நிலையம்: ஆர்ப்பாட்டக்காரர்கள் ஹேகர்ட்டியின் காரைச் சூழ்ந்துகொள்ள, அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர் வந்து அவரைத் தூக்கிப்போக வேண்டியதாயிற்று. காரில் கூட இருந்த தூதரின் பெயர் டக்ளஸ் மெக்ஆர்தர். ஜப்பானை ஆண்ட அந்த ஜெனரல் அல்ல, அவருடைய அண்ணன் மகன். அதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)