கால்களுக்காகப் பிறந்த இசை

நடனத்துக்குரிய பாட்டுக்களை ஒதுக்கிவிட்டால், மேனாட்டு இசையில் பெரும்பகுதி அமர்ந்திருந்து கேட்பதற்கென்றே ஆக்கப்பட்டது. ஒரு வகை மட்டும் அப்படியன்று. பலர் ஒன்றாக அடியெடுத்து நடப்பதற்கென்று எழுந்தது அது. அதனை 'மார்ச்' என்பர். அணிநடை இசை என்று நாம் தமிழிலே சொல்லலாம். பாண்டு வாத்தியக்காரர் எல்லோரும் மார்ச் என்றே வழங்குவதால், நாமும் அச்சொல்லையே கொள்வோம்.

இதன் அமைப்பு மிக எளியது. இரண்டு எண்ணிக்கை கொண்ட தாளம். பெருமுரசு அதிரும்போது இடக்கால் நிலத்தில் பட வேண்டும். விரைவு நடையிலே நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி, அதாவது ஓர் அடிக்கு அரை வினாடி. இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீற்றர் தூரமே செல்லும். முரசுக்கு 85 மீற்றர் பின்னால் நடப்பவன் செவிக்கு அது கால் வினாடி பிந்தியே எட்டும். அவன் முரசை மட்டுமே நம்பி நடந்தால், முன்னே செல்பவனுக்கு அரை அடி பிந்திவிடுவான். ஓரிசையாக நடப்பது போலத் தோன்றும் நீண்ட அணியிலே செவியோடு கண்ணுக்கும் வேலை இருக்கிறது.

முதலிலே சிறு முன்னிசை. பின்பு இரு பகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை. அதன்பின் 'ட்ரியோ' எனப்படும் பகுதி. இங்கே சுருதி மாறி, இசை சற்றுத் தணிந்து, பாடத்தக்க மெட்டொன்று எழும். கேட்பவர் வீடு செல்லும்போது வாயில் முணுமுணுப்பது பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான். அமெரிக்கரான ஜோன் பிலிப் சூசா 1896ஆம் ஆண்டு கப்பற் பயணத்தின்போது மனத்திலே உருவாக்கிய 'நட்சத்திரங்களும் கோடுகளும் என்றென்றும்' என்ற மார்ச்சைக் கேட்டவர்கள் இதனை அறிவர். அதன் ட்ரியோவிலே பிக்கலோ என்னும் சின்னஞ்சிறு குழல், பித்தளை வாத்தியங்களின் முழக்கத்துக்கு மேலே குருவிபோலத் தாவித் திரியும்.

சங்கீத மேதைகள் இவ்வடிவத்தை மைதானத்திலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தபோது, நடப்பதற்கு யாரும் இல்லாத மார்ச்சுகள் தோன்றின. பேத்தோவன் தமது மூன்றாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியை இறுதி ஊர்வல மார்ச்சாக அமைத்தார். ஷொப்பான் பியானோவுக்கு எழுதிய இறுதி மார்ச், 1849ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே அவருடைய சொந்த இறுதிச் சடங்கிலேயே வாத்தியக் குழுவினரால் இசைக்கப்பட்டது. ஹோல்ஸ்ற் என்பார் போர்க் கோளாகிய செவ்வாயைப் பற்றி எழுதிய இசை இன்னும் விசித்திரமானது. மார்ச்சின் ஆரவாரம் முழுவதும் அதில் உண்டு. ஆனால் தாளமோ ஐந்து எண்ணிக்கை. இரண்டு கால் படைத்த எந்தப் படையும் அதற்கு ஒழுங்காக நடக்க முடியாது. மார்ச்சுகளின் பட்டியலிலே சிலர் அதனையும் சேர்க்கின்றனர். எனக்கு அது உடன்பாடில்லை.

இனி, படையிலே பிறந்து திரையிலே புகழ்பெற்ற ஒரு மார்ச்சின் கதைக்கு வருவோம். 'கேணல் போகி' என்பது அதன் பெயர். 1914ஆம் ஆண்டு இதனை இயற்றியவர் பிரெடெரிக் யோசேப் றிக்கெற்ஸ் என்னும் பிரித்தானியப் படையின் வாத்தியத் தலைவர். சேவையில் இருப்போர் வெளியுலகிலே தொழில்முறைக் கலைஞராக விளங்குவது விரும்பப்படாத காலம் அது. ஆகவே கெனெத் அல்போர்ட் என்ற புனைபெயரிலே வெளியிட்டார். ஸ்கொத்லாந்திலே கோல்ப் விளையாடும்போது ஒருவர், பந்து வருகிறது என்று கூவி எச்சரிப்பதற்குப் பதிலாக இரண்டு சுரங்களைச் சீழ்க்கையடித்தார் என்றும், அவ்விரு சுரங்களே மார்ச்சின் தொடக்கமாயின என்றும் சொல்வார்கள். போகி என்பதும் கோல்ப் ஆட்டக்காரரின் கற்பனை எதிராளியின் பெயரே.

இரண்டாம் உலகப் போரிலே சிப்பாய்கள் இந்த மெட்டுக்கு ஹிட்லரைப் பழிக்கும் சொற்களைக் கட்டிப் பாடினர். சபையிலே சொல்லத் தகாத சொற்கள் அவை. எனவேதான் 1957ஆம் ஆண்டு டேவிட் லீன் 'குவாய் நதிப் பாலம்' என்ற படத்தை எடுத்தபோது, கைதிகளாகிய பிரித்தானியப் படைவீரர் வாய்திறந்து பாடவில்லை. சீழ்க்கையடித்துக்கொண்டே முகாமுக்குள் நடந்தனர். சொல்லாமல் விட்ட சொற்கள் தெரிந்தவருக்குத் தெரிந்தன. அந்தச் சீழ்க்கையோடு இணைந்து ஒலிக்குமாறு மல்கம் அர்னோல்ட் வேறொரு மார்ச்சையும் எழுதிச் சேர்த்தார். இப்படத்தின் இசைக்காக அவர் ஒஸ்கார் பரிசு பெற்றார். றிக்கெற்ஸ் இதனைக் காணவில்லை, 1945இலேயே காலமாகிவிட்டார்.

படத்திலே வரும் நதி குவாய் அன்று, நமது களனி கங்கை. பாலம் கட்டப்பட்டதும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதும் கித்துல்கலையிலே. அதன் அடித்தளத்துக் கொங்கிறீற்றை இன்றும் அங்கே காணலாம்.

ஆனால் கதையின் உண்மையான இடம் சயாமும் பர்மாவும். யப்பானியர் 1942க்கும் 1943க்கும் இடையிலே அங்கே 415 கிலோமீற்றர் நீளமான ரயில் பாதையை அமைத்தனர். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களைவிட மிகப் பெருந்தொகையாக ஆசியத் தொழிலாளர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தனர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் மதிப்பீடு. மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவர்களுள் பல்லாயிரவர். மலேசியத் தமிழர் இப்பாதையை 'சயாம் மரண ரயில்' என்றே அழைக்கின்றனர்.

வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் இரு சாராரையும் தாக்கின. ஆயினும் கைதிகளுக்குப் படைப்பிரிவு இருந்தது, அதிகாரிகள் இருந்தனர், மருந்து அரிதாயினும் கூடவே வைத்தியர் இருந்தனர், பெயர்ப் பட்டியல் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. மார்ச் என்பது அணியாக நிற்பவருக்குரிய இசை. அணியென்று ஒன்று இல்லாதவர்களைப் படமும் மறந்தது. அவர்களுக்கென்று எந்த மெட்டும் அதிலே ஒலிக்கவில்லை. சீழ்க்கையொலி உலகெங்கும் பரவி, குவாய் நதி என்றதுமே அந்த மெட்டு நினைவுக்கு வரும் அளவுக்கு நிலைத்துவிட்டது. இசை நல்லதென்பதில் ஐயமில்லை. நானும் விரும்பிக் கேட்பவனே.

தாய்லாந்தின் காஞ்சனபுரியிலே இரும்புப் பாலம் நிற்கிறது. அதன்மேல் ரயிலும் ஓடுகிறது. நகரிலுள்ள போர் மயானத்திலே கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000 இருக்கின்றன. பெரும்பாலானவற்றிலே பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. மலாயாவிலிருந்து சென்று திரும்பாத தமிழர் பலருடைய உடல்கள் பாதையோரக் காட்டிலே குழிகளில் ஒன்றாகப் புதைக்கப்பட்டன.