'நமக்குப் பேசத் தெரியாது': பெயரில்லாத ஒரு பேச்சைப் பற்றி

1

ஏரியூர்ப் பக்கம் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்கலாம்: 'நமக்குப் பேசத் தெரியாதுப்பா.' இதைச் சொல்பவர்கள் வாயில்லாதவர்கள் அல்லர். சந்தையில் விலை பேசுகிறவர்கள், பங்காளிச் சண்டையைத் தீர்த்துவைக்கிறவர்கள், எழவு வீட்டில் நின்ற இடத்திலேயே ஒப்பாரி கட்டுகிறவர்கள். என் அம்மாவும் அப்படித்தான், நாளெல்லாம் பேசுவாள். பட்டா விவகாரமாக ஓர் அலுவலகத்துக்கு அவளோடு போனபோது வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, 'நீயே பேசு சாமி, எனக்குப் பேச வராது' என்றாள். அந்த நிலத்தில் முப்பது வருஷம் பாடுபட்டவள் அவள். அதன் வரப்பும் வழித்தடமும் கிணற்றுப் பங்கும் அவளுக்குத்தான் தெரியும். எதுவும் சரியாகத் தெரியாத, ஆனால் எம்.ஏ. தமிழ் படித்த நான் பேசினேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: 'கெணத்தப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே?'

பேச்சுச் சாயல் பற்றிய விவாதங்களை நாம் பெரும்பாலும் ருசி சார்ந்த விஷயமாகவே நடத்திவருகிறோம். நெல்லைத் தமிழ் இனிக்கும், கொங்குத் தமிழில் மரியாதை இருக்கும், என்கிற மாதிரி. எனக்கு அது கிணற்றுப் பங்கு சார்ந்த விஷயம். ஒருவர் தன் பேச்சைப் பற்றித் தானே சொல்லும் வர்ணனை அவருடைய வாயைப் பற்றியது அல்ல. இதுவரை அவரைக் கேட்ட காதுகளைப் பற்றியது. இக்கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

2

ஏரியூர் பென்னாகரத்தை அடுத்து, மேட்டூர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பகுதி. நாகமரைத் துறையில் தண்ணீரைக் கடந்தால் எதிர்க்கரை பண்ணவாடி, சேலம் மாவட்டம். அதற்கும் மேற்கே கொங்கு. வடக்கே ஒகேனக்கல், அதைத் தாண்டினால் கன்னடம். கிழக்கே போகப்போக வடாற்காட்டுப் பேச்சு. எங்கள் வீட்டில் மழை 'மய', வீடு 'வூடு', என்ன என்பது 'இன்னா', இருக்கிறது என்பது 'கீது'. ஆற்றோரத்துச் சொந்தங்கள் பேசினால் இதற்கு நடுவே ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பேச்சுக்குப் பெயர் இல்லை. மதுரைத் தமிழ், நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ், மெட்ராஸ் பாஷை எல்லாம் உண்டு. தருமபுரித் தமிழ் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 1965 வரை சேலத்தின் ஒரு பகுதியாக இருந்த மாவட்டம் இது. ஊர்க்காரர்களைக் கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும். ஒன்று, 'எங்க ஊர்ல தனி ஸ்லாங்லாம் கெடையாது, நார்மல் தமிழ்தான்.' மற்றது, 'நாங்க கொஞ்சம் மொரட்டுத்தனமாப் பேசுவோம்.' முதலாவது தற்காப்பு. இரண்டாவது பிறருடைய தீர்ப்பைத் தன் வாயாலேயே வாசிப்பது.

பிழைக்கப் போன இடங்களில் நடப்பது வேறு. கோயமுத்தூருக்கு வேலைக்குப் போனவனை 'மெட்ராஸா?' என்கிறார்கள். சென்னைக்குப் போனவளை 'சேலமா, கோயமுத்தூரா?' என்கிறார்கள். கொங்கில் 'ங்க' போடாததால் மரியாதை தெரியாதவன் ஆகிறான். சென்னையில் 'கீது' என்றால் சிரிப்பு வருகிறது. காரணம், அந்தச் சொல்லைத் தமிழ் சினிமா நெடுங்காலம் ரிக்‌ஷாக்காரனுக்கும் குப்பத்துக்கும் மட்டுமே கொடுத்துவைத்திருந்தது. லூஸ் மோகனின் வாயில் கேட்டுச் சிரித்த சொல்லை என் ஆயா பூஜைக்குரிய சாமியைப் பற்றியும் சொல்வாள்.

சிரிப்பதோடு நின்றால் பரவாயில்லை. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, அங்கே கட்டிட வேலைக்குப் போயிருந்த எங்கள் பக்கத்து ஆட்கள் வழியெல்லாம் வாயே திறக்காமல் ஊர் வந்து சேர்ந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். ஊர் தெரிந்தால் உயிர் போகும்.

3

இந்தக் கேட்கும் காது எப்போது உருவானது? தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதியவர்கள் செந்தமிழ் நிலத்துக்கு எல்லை வகுத்தார்கள்: வையைக்கும் மருதையாற்றுக்கும் இடையே, கருவூருக்குக் கிழக்கே, மருவூருக்கு மேற்கே. அதைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் சொற்கள் திசைச்சொற்கள். இந்தக் கட்டத்துக்குள் தகடூர் விழாது. அதியமானையும் அவனைப் பாடிய ஔவையையும் நாம் சங்க இலக்கியத்தின் மையத்தில் வைத்துப் படிக்கிறோம். ஆனால் அவன் ஆண்ட ஊர் செந்தமிழின் வெளியே நிற்கிறது. மையம் என்பது நிலத்தில் இருப்பதல்ல, வகுப்பவனின் கையில் இருப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

திசை மட்டுமல்ல, சாதியும் பேச்சில் கேட்கிறது. பிரெஞ்சு அறிஞர் ழூல் ப்ளோக் 1910இலேயே தமிழில் சாதிக்கும் வழக்குக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதினார். 1960களில் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் அதை மேலும் ஆராய்ந்தார்கள். நமக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். 'எந்த ஊரு?' என்ற கேள்விக்கு அடுத்து 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்று வருவது எதற்கென்று தெரியாதவர் யார்? பெயரில்லாத எங்கள் பேச்சுக்குள்ளும் இந்த அடுக்கு உண்டு. அதே 'மய' ஊர்த் தெருவில் 'நம்ம பேச்சு'. காலனியில் 'அவங்க பேச்சு'. வெளியே கேலிக்கு ஆளானவன் உள்ளே கேலி செய்கிறான். வட்டாரம் என்று பொதுவாகப் பேசிச் சாதியை மறைத்துவிடும் வசதியை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தன் பேச்சைத் தானே இகழ்வது கிராமத்தானின் தாழ்வு மனப்பான்மை மட்டுமல்ல. நியூயார்க் நகரப் பேச்சை ஆராய்ந்து 1966இல் நூல் வெளியிட்ட வில்லியம் லபோவ், அந்த மாநகரத்துக்காரர்களே தங்கள் உச்சரிப்பை மட்டமாக நினைப்பதைக் கண்டார். பூர்தியு இதைச் சந்தை என்கிறார்: ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு விலை இருக்கிறது, விலையை நிர்ணயிப்பது பேசுகிறவன் அல்ல. அம்மா சொன்ன 'பேச வராது' என்பதன் பொருள், 'அங்கே என் பேச்சு செல்லாது' என்பதே. செல்லாத நோட்டை யார்தான் நீட்டுவார்கள்?

4

எழுத்தாளர்கள் இதில் செய்தது குறைவல்ல. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்குச் சொல்லகராதி தந்தார். பின்னர் கொங்குக்குப் பெருமாள்முருகனும் நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரனும் தந்தார்கள். பெயர் கிடைத்த பேச்சுக்குப் பெருமிதம் கிடைக்கிறது. பெயர் கிடைக்காதது பிழையாகவே கேட்கிறது.

ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் கதைகளில் பெரும்பாலும் பாத்திரங்கள் வட்டாரத்தில் பேசுகிறார்கள், கதைசொல்லி பொதுத்தமிழில் பேசுகிறான். மேற்கோள்குறி ஒரு வேலி. வேலிக்குள் அனுபவம், வெளியே அறிவு. கி.ரா. போன்ற சிலர் அந்த வேலியைப் பிடுங்கியிருக்கிறார்கள். கட்டுரையில் அதை யாரும் தொடுவதில்லை. இதோ இந்தக் கட்டுரையிலும் 'மய' மேற்கோள்குறிக்குள்தான் இருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கல்லூரியில் ஓர் ஆசிரியர் வகுப்பில் என்னை எழுப்பி 'மழை, மழை' என்று பத்துமுறை சொல்லவைத்தார். நாக்கு வளைந்துவிட்டது. இன்று கூட்டங்களில் 'நல்ல தமிழ்' என்கிறார்கள். வீட்டில் 'ஏன்டா மேடையில பேசற மாதிரியே பேசற?' என்கிறார்கள். அந்த ழகரத்தை நான் சம்பாதித்தேன் என்பது உண்மை. அதைக் கொண்டு அம்மாவின் இடத்தில் நின்று பேசினேன், கிணறு விட்டுப்போயிற்று என்பதும் உண்மை.

எங்கள் பேச்சுக்கும் ஒரு அகராதி வேண்டும் என்று மட்டும் கேட்டு முடிக்க மனமில்லை. அகராதியில் சொல் பத்திரமாக இருக்கும், பேசுகிறவள் வாசலிலேயே நிற்பாள். மக்களுக்காகப் பேசுகிறோம் என்று மனு எழுதித்தரும், மேடையேறும் நண்பர்கள் ஒரு காரியம் செய்யலாம்: அவர்களை முதலில் பேசவிட்டு, திருத்தாமல் கடைசிவரை கேட்பது. பேசக் கற்றுக்கொண்டவர்கள் நாம். கேட்கக் கற்றுக்கொண்டோமா என்பதை விவாதிக்கலாம்.