32 வோல்ட் பண்ணை மின்னமைப்பு

32 வோல்ட் பண்ணை மின்னமைப்பு என்பது, பொது மின்வழங்கல் எட்டாத ஊர்ப்புறப் பண்ணைகளில் மின்சாரத்தை ஆக்கவும் சேமிக்கவும் பயன்பட்ட, தனித்தியங்கும் நேர்மின்னோட்ட (டி.சி.) அமைப்பு ஆகும். 1910களின் பிற்பகுதி முதல் 1940கள் வரை ஐக்கிய அமெரிக்காவில் இது பரவலாகப் பயன்பட்டது. ஊர்ப்புறங்களுக்கு மின்கம்பிகள் வந்த பின்னர் இவ்வமைப்புகள் கைவிடப்பட்டன. எனினும் அவற்றின் பகுதிகள் பழைய பண்ணைகளின் கொட்டகைகளிலும் நிலவறைகளிலும் இன்றும் கண்டெடுக்கப்படுகின்றன. அவற்றைச் சரியாக இனங்காண்பது வரலாற்று ஆர்வத்துக்கு மட்டுமன்றி, பாதுகாப்புக்கும் தேவையானது.

வரலாறு

தானுந்துகளுக்கான மின் தொடக்கியை உருவாக்கியவர் சார்லசு கெட்டரிங். அது 1912ஆம் ஆண்டின் காடிலாக் தானுந்துகளில் இடம்பெற்றது. அதில் ஒரே பொறி, மின்கலத்திலிருந்து மின்சாரம் பெறும்போது மோட்டாராகவும், எந்திரம் ஓடத் தொடங்கியபின் மின்னியற்றியாகவும் செயற்பட்டது. இதே கருத்தைப் பண்ணை வீட்டுக்குப் பயன்படுத்தியதன் விளைவே, ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரிலிருந்து 1916இல் விற்பனைக்கு வந்த "டெல்கோ-லைட்" ஆகும். இதைப் பின்பற்றிப் பிற நிறுவனங்களும் இத்தகைய அமைப்புகளைத் தயாரித்தன. விசுகான்சின் மாநிலத்தின் கோலர் நிறுவனம் 110 வோல்ட் நேர்மின்னோட்டம் தரும் வேறு வகை அமைப்பை விற்றது. காற்று மிகுந்த சமவெளிப் பகுதிகளில் யாக்கோப்சு, வின்சார்சர் முதலிய காற்று மின்னியற்றிகள் புகழ்பெற்றன.

1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கே பொது மின்வழங்கல் கிடைத்தது. ஊர்ப்புற மின்மயமாக்கல் நிர்வாகம் 1935இல் நிறுவப்பட்டது. அதற்கான சட்டம் 1936இல் நிறைவேறியது. கூட்டுறவுச் சங்கங்கள் கடன் பெற்று மின்கம்பிகளை அமைத்தன. 1950களின் தொடக்கத்தில் பெரும்பாலான பண்ணைகள் மாறுதிசை மின்னோட்டம் பெற்றிருந்தன. 32 வோல்ட் கருவிகள் அவை இருந்த இடத்திலேயே விடப்பட்டன.

பகுதிகள்

* எந்திரமும் மின்னியற்றியும்: பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெயால் இயங்கும் ஒற்றை உருளை எந்திரம், மின்னியற்றியுடன் ஒரே தண்டில் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். பரவலாக விற்பனையான டெல்கோ-லைட் வகையின் திறன் 850 வாட் ஆகும்.
* மின்கலவடுக்கு: 16 ஈய-அமிலக் கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட் தருவதால் மொத்தம் 32 வோல்ட் கிடைக்கும். கலங்கள் பெரும்பாலும் தடித்த கண்ணாடிச் சாடிகளில் அமைந்தவை. சிலவற்றில் மின்னேற்ற நிலையைக் காட்டும் சிறு மிதவை உருண்டைகள் இருக்கும். மின்னேற்றம் குறையும்போது அமிலத்தின் அடர்த்தி குறைவதால் அவை அமிழ்ந்துவிடும்.
* கட்டுப்பாட்டுப் பலகை: கத்திவடிவ ஆளி, உருகிகள், அளவி ஆகியவை இதில் பொருத்தப்பட்டிருக்கும்.

மின்னழுத்தமும் கம்பியின் தடிமனும்

குறைந்த மின்னழுத்தத்தால் கலங்களின் எண்ணிக்கையும் மின்னதிர்ச்சியின் இடரும் குறைந்தன. ஆனால் அதே திறனைக் கொண்டுசெல்ல அதிக மின்னோட்டம் தேவைப்பட்டது. எடுத்துக்காட்டாக, 320 வாட் சுமைக்கு 32 வோல்ட்டில் 10 ஆம்பியர் தேவை. போக வரக் கம்பியின் மொத்தத் தடை 0.5 ஓம் எனில், 5 வோல்ட், அதாவது ஏறத்தாழ 16 விழுக்காடு வழியிலேயே இழக்கப்படும். அதே சுமைக்கு 120 வோல்ட்டில் 2.67 ஆம்பியரே போதும். இழப்பு ஏறத்தாழ 1.3 வோல்ட், அதாவது 1 விழுக்காட்டை ஒட்டியது. எனவே மின்னியற்றி வீட்டுக்கு அருகிலேயே வைக்கப்பட்டது. கம்பிகளும் தடிமனாக இருந்தன. சிறு விளக்குக்குக்கூட மிகத் தடித்த கம்பி சென்றிருப்பது 32 வோல்ட் அமைப்புக்கான ஒரு தடயமாகும்.

இனங்காணும் முறை

முதலில் பார்க்கவேண்டியது பெயர்த்தகடு ஆகும். துருவைச் சுரண்டாமல், மென்மையான துணியால் துடைத்து, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் மங்கிய எழுத்துகளும் தெரியும்.

* வோல்ட் அளவு: 32 எனில் பண்ணை மின்னமைப்பு. 6 எனில் பெரும்பாலும் வானொலி அல்லது அதன் மின்கலத்தை ஏற்றும் காற்று மின்னியற்றி. 110 எனில் நேர்மின்னோட்டமாகவோ மாறுதிசை மின்னோட்டமாகவோ இருக்கலாம்.
* அதிர்வெண்: "சைக்கிள்சு" என்று குறிக்கப்பட்டிருந்தால் அது மாறுதிசை மின்னோட்டக் கருவி. ஏர்ட்சு என்னும் அலகு 1960இல் பன்னாட்டு அலகு முறையில் ஏற்கப்பட்டதால், பழைய சொல் கருவியின் காலத்தையும் ஓரளவு உணர்த்தும். 60க்கு மாறாக 25 என்று இருப்பின், அது நயாகரா போன்ற 25 சைக்கிள் வழங்கல் இருந்த பகுதிக்கு உரியதாகலாம்.
* முனைக்குறிகள்: + மற்றும் − குறிகள் நேர்மின்னோட்டத்தைக் காட்டும்.

பெயர்த்தகடு இல்லையெனில் உள்ளமைப்பைக் கொண்டு அறிய வேண்டும். செப்புப் பட்டைகளாலான திசைமாற்றியும் கரித் தூரிகைகளும் இருப்பின் அது நேர்மின்னோட்டப் பொறி என்று பலர் முடிவு செய்வர். இது எப்போதும் சரியன்று. பண்ணைகளில் பயன்பட்ட விலக்குத்தொடக்கத் தூண்டல் மோட்டாரிலும் திசைமாற்றி உண்டு. ஆனால் அது மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்குவது. எனவே ஒரே தடயத்தை நம்பாமல், கம்பியின் தடிமன், அருகிலுள்ள கண்ணாடிச் சாடிகள், விளக்குகளில் அச்சிடப்பட்ட வோல்ட் அளவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இடர்கள்

32 வோல்ட் விளக்குகளின் திருகு அடி, 120 வோல்ட் விளக்குகளுடையதைப் போன்றதே. ஆகவே அவற்றை இன்றைய வழங்கலில் எளிதாகப் பொருத்திவிட முடியும். மின்தடை மாறாத கருவியில் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதமாகும். எனவே 32 வோல்ட் சலவைப்பெட்டியை 120 வோல்ட்டில் இணைத்தால், அது கொள்ளும் திறன் ஏறத்தாழ 14 மடங்காகி, சில நொடிகளில் எரிந்துவிடும்.

கைவிடப்பட்டது போலத் தோன்றும் கம்பியும் மின்னோட்டத்தில் இருக்கக்கூடும். பழைய கம்பிகள் பின்னாளில் 120 வோல்ட் வழங்கலுடன் இணைக்கப்பட்டிருக்கலாம். ஆகவே அளவியால் சோதிக்கும் வரை எதையும் தொடலாகாது. கண்ணாடிச் சாடிகளில் எஞ்சியுள்ள கந்தக அமிலமும் ஈயப் படிவும் தீங்கு தருபவை. சாடியைக் கவிழ்த்து நிலத்தில் கொட்டலாகாது.

பண்ணையில் கிடக்கும் எல்லாக் கருவிகளும் 32 வோல்ட் காலத்தவை அல்ல. மின்கம்பத்தில் இருந்து இறக்கிவைக்கப்பட்ட மின்மாற்றியும் பெரிய மின்தேக்கிகளும் பிற்காலத்தவையாக இருக்கலாம். அவற்றின் எண்ணெயில் பல்குளோரினேற்ற இருபினைல் என்னும் நச்சுப்பொருள் கலந்திருக்கக்கூடும். அமெரிக்காவில் 1929 முதல் ஆக்கப்பட்ட இப்பொருளின் உற்பத்தி 1979இல் தடைசெய்யப்பட்டது. இத்தகைய கலனைத் திறக்காமலும் உருட்டாமலும் இருந்த இடத்திலேயே விட்டு, மின்வழங்கல் அமைப்புக்கோ சுற்றுச்சூழல் துறைக்கோ தெரிவிப்பதே முறையாகும்.

இன்றைய நிலை

செம்புக்காகவும் ஈயத்துக்காகவும் இவற்றுட் பல உடைக்கப்பட்டன. எஞ்சியவற்றைச் சேகரிப்போரும் அருங்காட்சியகங்களும் பேணி வருகின்றனர். மின்னியற்றி, மின்கலவடுக்கு, கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவை ஒன்றாகக் கிடைக்கும்போதே முழு அமைப்பும் விளங்கும். எனவே பகுதிகளைப் பிரிக்கும் முன், அவை இருந்த இடத்தையும் கம்பி இணைப்புகளையும் ஒளிப்படம் எடுத்துக் கொள்வது நன்று. பகலில் ஆக்கி, மின்கலத்தில் சேமித்து, இரவில் குறைந்த மின்னழுத்தத்தில் செலவிடும் அதே முறையை, இன்று மின்கட்டமைப்பு எட்டாத இடங்களில் நிறுவப்படும் சிறு சூரிய மின்னமைப்புகளிலும் காணலாம்.